எல்லை இல்லாத ஆட்டத்தில் ஏஸும் ஜாக்கும்

மதி,

கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. உன் அம்மாவும் அத்தையும் பெரிய கடைவீதிக்குப் போயிருக்கிறார்கள். முகூர்த்தப் புடவையின் ஜாக்கெட்டுக்குச் சரியான நிறத்தில் லைனிங் துணி கிடைக்கவில்லையாம். இது மூன்றாவது நடை. சாயங்காலம்தான் வருவார்கள். வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். போன வாரம் போனில் நீ, "அப்பா, ரிசப்ஷன்ல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்" என்றாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து குளிக்கும்போதும் நடக்கப் போகும்போதும் பேசிப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. பதினெட்டு வருஷம் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் நான். அந்தச் சத்தத்தில் வாயால் பேசி ஒரு பயனும் இல்லை, கை ஜாடைதான். கரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதனால் எழுதுகிறேன். எப்படியும் நான் சொல்ல நினைப்பது மைக்கில் சொல்லக்கூடியதும் இல்லை.

அனுசரித்துப் போ, பெரியவர்களை மதி என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அதையெல்லாம் உனக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது சீட்டாட்டத்தைப் பற்றி. சரியாகச் சொன்னால், பந்தயம் கட்டும் விதி மாறும்போது, முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டில் எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதைக் கீழே போட வேண்டும் என்பதைப் பற்றி. சிரிக்காதே. உனக்கும் எனக்கும் நடுவில் கெட்டுப்போனதும் அதில்தான், சரியானதும் அதில்தான். இந்தக் கடிதத்தை நீ அருளிடமும் காட்டுவாய் என்று தெரியும். அதனால் சீட்டே தொடாத மாப்பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

போக்கர் எனக்குக் கப்பலில் பழக்கம். எங்கள் சமையல்காரர், மணிலாக்காரர், சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிக் கொடுப்பார்கள். பிறகு நடுவில் ஐந்து சீட்டு, முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று என்று திறப்பார்கள். கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யாருடையது பெரிதோ அவருக்கு ஜெயம். ஒரே எண் இரண்டு சேர்ந்தால் ஜோடி, மூன்று சேர்ந்தால் அது எந்த ஜோடியையும் அடிக்கும். கைக்கு இரண்டு சீட்டு வந்ததும் ஒரு பந்தயம், பிறகு ஒவ்வொரு முறை திறந்த பிறகும் ஒரு பந்தயம், ஆக நான்கு சுற்று. நாங்கள் ஸ்டோரில் கழித்துப்போட்ட பழைய வாஷர்களை வைத்து ஆடினோம். தலைமை எஞ்சினியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பந்தயத்துக்கு எல்லை இருக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றில் இரண்டு வாஷர், கடைசி இரண்டு சுற்றில் நான்கு. அதற்கு மேல் வைக்கக் கூடாது, ஒரு சுற்றில் மூன்று தடவைக்கு மேல் ஏற்றவும் கூடாது. "ஆறு மாசம் ஒரே இரும்புப் பெட்டிக்குள்ள இருக்கப்போறீங்க. யாரும் யாரையும் ஒரே ஆட்டத்துல காலி பண்ணக் கூடாது" என்றார். எனக்கு அந்த விதி மிகவும் பிடித்துப்போனது. நான் பார்த்த வேலையே அப்படிப்பட்டதுதான். அழுத்தம் ஏறினால் சேஃப்டி வால்வு திறந்துகொள்ளும், வெடிக்காது.

எல்லை இருக்கிற ஆட்டத்தில் நான் நல்ல ஆட்டக்காரன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பெரிய சீட்டு வந்தால் ஆடு, சின்னது வந்தால் கீழே போட்டுவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகு. ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக், ராஜா-ராணி, பத்துக்கு மேல் எந்த ஜோடியும். நடுவில் ஒரு ஏஸ் விழுந்தால் போதும், கடைசி வரை பந்தயம் கட்டிக்கொண்டே போகலாம். எதிராளியிடம் அதைவிடப் பெரியது இருந்தாலும் நஷ்டம் சில வாஷர்தான். இரண்டு-இரண்டு, நான்கு-நான்கு மாதிரி சின்ன ஜோடிகளைப் பெரும்பாலும் கீழே போட்டுவிடுவேன். மூன்றாவது நான்கு வந்து விழுவது எட்டுத் தடவைக்கு ஒரு தடவை. அப்படி விழுந்தாலும் எல்லை இருக்கிற ஆட்டத்தில் கிடைக்கப்போவது கொஞ்சம்தான். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். கப்பல் வேலையை விட்டு கே.கே. நகருக்கு மொத்தமாக வந்தபோது அந்தத் தாளும் என்னோடு வந்தது.

மொத்தமாக வந்தது என்று எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு அது தெரியாது. அதுவரை மூன்று மாத லீவில் வருவேன், போவேன். அந்த மூன்று மாதத்தில் உன் அம்மாவோடு என்ன சண்டை வந்தாலும், கப்பலுக்குப் போகும் நாள் வந்துவிடும் என்பதால் அதற்கு ஓர் எல்லை இருந்தது. கோபமாகப் பேசினாலும் கிளம்பும் நாளில் சரியாகிவிடும். வேலையை விட்டு வந்த முதல் வருஷமும் நான் அப்படியே இருந்தேன். கரண்ட் பில் கட்டவில்லை என்று ஒரு நாள் ஏதோ சொல்லிவிட்டு, வழக்கம்போலத் தானாக ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். ஆறவில்லை. பத்து நாள் கழித்து உன் அம்மா துணி மடித்துக்கொண்டே, "என்னங்க, நீங்க இன்னும் லீவுல வந்த ஆள் மாதிரியே இருக்கீங்க. இனிமே நீங்க எங்கயும் போகப்போறதில்ல. பேசினதை நீங்கதான் சரி பண்ணணும்" என்றாள். அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும். வீட்டில் ஆட்டம் மாறிவிட்டது, நான் பழைய தாளை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று. புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அருளுக்காகச் சொல்கிறேன். உன் மாமா, அதாவது உன் அம்மாவின் தம்பி, ஸ்ரீரங்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை மூடிவிட்டு, மாடியில் துணி வெட்டுகிற பெரிய மேசையைச் சுற்றி உட்காருவோம். மாமா, அத்தை, மாமாவின் நண்பர்கள் மூன்று பேர், நீ, நான். மொத்தம் ஏழு பேர். வாஷருக்குப் பதில் சட்டைப் பட்டன். உன் அம்மா ஆடமாட்டாள். எல்லோர் பின்னாலும் நடந்து எல்லோர் கையையும் பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் வடை வைத்துவிட்டுப் போவாள். ரம்மி ஆடிய பழக்கத்தில் கையைக் கீழே போடுவதை மாமா 'ஸ்கூட்' என்பார். அந்த மேசையில் நான்தான் ராஜா.

பெங்களூரில் நீ படிப்பை முடித்துவிட்டு வந்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்பா, இன்னைக்கு எல்லை இல்லாம ஆடிப் பார்க்கலாமா? யாரு எப்ப வேணும்னாலும் எவ்வளவு வேணும்னாலும் வைக்கலாம். மொத்தத்தையும் வைக்கலாம்" என்றாய். உன் காலேஜில் எல்லோரும் அப்படித்தான் ஆடுவார்களாம். மாமாவின் நண்பர்களுக்கு ஒரே உற்சாகம். எனக்கு என்ன, சீட்டு அதே சீட்டுதானே என்று நினைத்தேன்.

எனக்கு ஏஸ்-ஜாக் வந்தது. நடுவில் ஏஸ், ஒன்பது, நான்கு. நீ அலட்சியமாக ஒரு கைப்பிடி பட்டனை முன்னால் தள்ளினாய். நானும் வைத்தேன். அடுத்த சீட்டுக்கு இரண்டு கைப்பிடி. வைத்தேன். கடைசியில் உன் முன்னால் இருந்த அத்தனையையும் தள்ளினாய். என்னிடம் ஏஸ் ஜோடி இருக்கிறது, எப்படிப் போடுவது? வைத்தேன். நீ இரண்டு நான்கைத் திறந்து காட்டினாய். நடுவில் இருந்ததோடு சேர்த்து மூன்று நான்கு. மேசையில் எனக்கு ஒரு பட்டன்கூட மிச்சமில்லை.

"நாலு-நாலை வெச்சுக்கிட்டு யாராவது ஆடுவாங்களா?" என்றேன்.

"எல்லை இருந்தா நானும் போட்டிருப்பேன்பா. இதுல எட்டுத் தடவை போனாலும் பரவால்ல. ஒரு தடவை விழுந்தா மொத்தமும் வரும். ஏஸ்-ஜாக்தான் இதுல ஆபத்து. சின்னதா ஜெயிக்கும், பெருசா தோக்கும்."

அது எவ்வளவு சரியான பேச்சு என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, "உனக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரமும் ஏஸ்-ஜாக்கை ஆடினேன். அதற்கு அடுத்த வாரமும்.

அந்த வருஷம்தான் தில்லைநகர் வரன் வந்தது. பெரிய படிப்பு, நல்ல வேலை, நமக்குத் தெரிந்த குடும்பம். பெண் பார்த்துவிட்டு அவர்கள் போனதும், டம்ளர்களை எடுத்துக்கொண்டே நீ என்னிடம், "அப்பா, எனக்கு இது சரியா வரல" என்றாய். "பார்த்தவுடனே யாருக்கும்மா சரியா வரும்? போகப் போகப் பழகிடும்" என்றேன். காரணம் கேட்டேன். உனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பையன் நல்லவர்தான், ஆனா ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமில்லப்பா" என்றாய். அது ஒரு காரணமா என்று எனக்குத் தோன்றியது. பூ வைத்தார்கள். நிச்சயதார்த்தம் நடந்தது. மண்டபம் பிடித்தோம். பத்திரிகை அடித்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நீ ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாய் என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். கடைசியாக, பத்திரிகையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது வாய்விட்டே கேட்டாய். "இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம்ல?"

"இவ்வளவு தூரம் வந்தாச்சு மதி. இனிமே என்ன இருக்கு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து நீயே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி முக்கொம்புக்குப் போய், அந்தப் பையனை அங்கே வரச்சொல்லி, நேருக்கு நேர் சொல்லிவிட்டாய். சாயங்காலம் நான்கு மணிக்கு அவரே உன்னை பைக்கில் கொண்டுவந்து விட்டார். கேட்டுக்கு வெளியிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சார், மதி பேசினாங்க. எனக்கும் அதே நினைப்புதான், சொல்லத் தைரியம் வரல. எங்க வீட்ல நானே சொல்லிக்கிறேன். அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். எவ்வளவு நல்ல பிள்ளை. அவர் பைக் திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு, அவர் எதைச் செய்யாதீர்கள் என்றாரோ அதையே செய்தேன்.

நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதுகிறேன். எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. "சீட்டாட்டத்துல கத்துக்கிட்ட புத்தி இது. கையில ஒண்ணும் இல்லாம மொத்தத்தையும் தூக்கி வைக்கிற புத்தி. குடும்ப மானத்தைத் தூக்கி வெச்சு ஆடிட்டு வந்திருக்க" என்றேன்.

நீ அழவில்லை. "அப்பா, நான் எதையும் தூக்கி வைக்கல. நான் கீழ போட்டேன்" என்றாய்.

மறுநாள் கிளம்பினாய். புனேயில் வேலை கிடைத்திருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஸ்டேஷனுக்கு நான் வரவில்லை, மாமாதான் வந்தார். அதன்பின் பதினான்கு மாதம். உன் அம்மாவோடு தினமும் பேசுவாய். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். "அப்பா சாப்பிட்டாரா?" என்று நீ கேட்பது எனக்குக் கேட்கும். "சாப்பிட்டாரு" என்பாள் அவள். போன் என் கைக்கு வராது. நானும் கேட்டு வாங்கியதில்லை. வரன் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன், மண்டபக்காரரிடம் போனேன், சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொன்னேன். உன்னிடம் மட்டும் வரவில்லை.

நீ போன பிறகும் மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்தது. எல்லை இல்லாத ஆட்டம்தான், அவர்களுக்கு அது பிடித்துவிட்டது. நான் வாரா வாரம் முதல் ஆளாகக் காலியாகி ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். ஒரு நாள் மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மச்சான், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க நல்லாத்தான் ஆடறீங்க. ஆனா ஆட்டம் மாறிப்போச்சு, நீங்க எடுக்கிற கை மாறல. முதல்லயே ஸ்கூட் விட வேண்டியதை எல்லாம் கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போறீங்க" என்றார். அவர் சீட்டைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு வேறு எங்கோ போய்ப் பட்டது. பஸ்ஸில் வரும்போது காவிரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து கட்டிலில் உன்னையும் சேர்த்து ஏழு கையாகச் சீட்டைப் போட்டு நானே எல்லோருக்குமாக ஆடிப் பார்த்தேன். உன் அம்மா முதலில் பயந்துபோனாள். எத்தனை தடவை போட்டாலும் ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகவில்லை. ஏஸும் ஜாக்கும் அவ்வளவு அழகாக இருக்கிறதே, அதை எப்படித் தொடக்கத்திலேயே விடுவது? கேட்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீதான். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு உனக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். "ஏழு பேர். முதல்ல பந்தயம் சொல்ல வேண்டிய ஆள் நான். எல்லை கிடையாது. ஏஸ், ஜாக். ஒண்ணு இஸ்பேட், ஒண்ணு டைமன். ஆடலாமா?" அனுப்பிய பிறகு அழித்துவிடலாமா என்று நினைத்தேன். எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. நல்ல வேளை.

மத்தியானம் மூன்று மணிக்குப் பதில் வந்தது. "கீழ போடுங்கப்பா."

பதினான்கு மாதத்தில் எனக்கென்று நீ எழுதிய முதல் வரி. சமையலறைக்குப் போய் உன் அம்மாவிடம் படித்துக்காட்டினேன். மிக்ஸியை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். "எதைக் கீழ போடணுமாம்?" என்றாள். "சீட்டை" என்றேன். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி மிக்ஸியைப் போட்டுக்கொண்டாள்.

அதன்பின் தினம் ஒரு கேள்வி அனுப்பி, உன் பதிலைப் புதிதாக ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். "ராஜா-ராணி?" என்றால், "முன்னாடி யாராவது ஏத்தியிருந்தா வேண்டாம். கடைசி ஆளா இருந்தா சரி" என்பாய். "நாலு-நாலு?" "கம்மி விலைக்குப் பார்க்க முடிஞ்சா பாருங்க. மூணாவது நாலு வரலைன்னா சண்டை போடாம விட்டுடுங்க." "எட்டு-ஒன்பது, ரெண்டும் ஹார்ட்?" "வரிசையாவும் சேரலாம், ஒரே இனமாவும் சேரலாம். எல்லார் முன்னாடியும் நிறைய பட்டன் இருந்தா நல்ல கை. கம்மியா இருந்தா பிரயோஜனம் இல்ல." எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. எல்லை இருக்கிற ஆட்டத்தில் ஒரு தப்புக்கு ஒரு விலை உண்டு, அது முன்னாலேயே தெரியும். அதனால் ஓரளவுக்கு நல்ல கையை வைத்துக்கொண்டு தைரியமாகக் கடைசி வரை போகலாம். எல்லை இல்லாதபோது அந்த ஓரளவு நல்ல கைதான் ஆளை முழுங்கும். மோசமான கையை யாரும் போட்டுவிடுவார்கள். பார்வைக்கு நன்றாக இருப்பதைப் போடத்தான் மனசு வராது. தேற்றிக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளலாம் என்று இழுக்கும்.

அப்புறம் மூன்றாவது ஆட்டம் வந்தது. எல்லை இல்லாத ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, காலியானவர்கள் சும்மா உட்கார வேண்டியிருக்கிறது என்று மாடியில் புகார். மாமா ஒரு சமரசம் கண்டுபிடித்தார். நடுவில் எவ்வளவு பட்டன் சேர்ந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் வைக்கலாம், அதற்கு மேல் கிடையாது. "இதுக்கு எப்படிக் கை எடுக்கணும்? பழைய தாளா, புதுத் தாளா?" என்று உனக்கு அனுப்பினேன். முதல் தடவையாக நீ நீளமாக எழுதினாய். அதை நான் இன்னும் அழிக்கவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டும் இல்லப்பா. இதுதான் ரொம்ப ஏமாத்தும். ஆரம்பத்துல எல்லை இருக்கிற மாதிரியே இருக்கும். யாரும் பயமுறுத்த முடியாது, கம்மிதானேன்னு எல்லாரும் உள்ள வந்துடுவாங்க. அதனால ஏஸ்-ராஜாவை வெச்சுக்கிட்டு மத்தவங்களைத் துரத்த முடியாது. ஆனா ஒரு தடவை வெச்சு இன்னொருத்தர் சேர்ந்தா நடுவுல இருக்கிறது மூணு மடங்கு ஆயிடும். அடுத்த தடவை ஒன்பது. அடுத்தது இருபத்தேழு. முடியும்போது எல்லை இல்லாத ஆட்டம் மாதிரி முடியும். அதனால முதல் ரெண்டு சீட்டைப் பார்க்கும்போதே, கடைசி வரைக்கும் போனா இது தாங்குமான்னு கேட்டுக்கணும். தாங்காதுன்னா, கம்மி விலைன்னாலும் உள்ள போகாதீங்க. போயிட்டா, எந்த இடத்துல வேணும்னாலும் கீழ போடலாம். ஏற்கனவே வெச்சதைப் பார்த்து மேல வைக்காதீங்க. அது நம்மளது இல்ல, நடுவுல போயிடுச்சு. என் நிச்சயதார்த்தம் அப்படித்தான்பா போச்சு. ஒவ்வொண்ணும் கொஞ்சம்தான். பூ கொஞ்சம்தான், மோதிரம் கொஞ்சம்தான். நீங்க இவ்வளவு தூரம் வந்தாச்சுன்னு சொன்னப்ப எனக்கு மூச்சே முட்டிச்சு."

இரண்டு நாள் உனக்குப் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே நீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாய். சரியான நேரத்தில், சரியாகச் சொல்லியிருக்கிறாய். உன்னைப் பிடித்து உள்ளே தள்ளியது நான். தள்ளிவிட்டு, நடுவில் சேர்ந்துவிட்டதைக் காட்டிக் காட்டி மேலே போகச் சொன்னதும் நான். கடைசியில் நீயே தனியாக பஸ் ஏறிப் போய் வெளியே வந்தபோது, உனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று யோசிக்காமல், அதற்கும் உன்னையே திட்டினேன். மூன்றாம் நாள், "நான் கேட்டிருக்கணும் மதி. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்று எழுதினேன். அதற்குமேல் எழுத வரவில்லை. "ஆமாம்பா" என்று பதில் வந்தது. பரவாயில்லை என்று நீ எழுதவில்லை. அதற்காகவும் உனக்கு நன்றி. அது பரவாயில்லை என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை. அரை மணி நேரம் கழித்து போன் அடித்தது. உன் அம்மா எடுக்க வந்தாள். திரையைப் பார்த்துவிட்டு, "இது உங்க போனு" என்று என் பக்கம் தள்ளினாள்.

அடுத்த லீவில் நீ வந்து மாடியில் என் எதிரே உட்கார்ந்தாய். மாமா வேண்டுமென்றே எல்லை இல்லாத ஆட்டம் வைத்தார். எனக்கு ராஜா-ராணி வந்தது. எனக்கு முன்னாலேயே நீ நன்றாக ஏற்றியிருந்தாய். நான் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கீழே போட்டேன். நீ என்னையே பார்த்தாய். அப்புறம் உன் கையைத் திருப்பிக் காட்டினாய். ஏழும் இரண்டும். ஒன்றுக்கும் உதவாத கை. மேசையே சிரித்தது, உன் அத்தைக்குப் புரையேறிவிட்டது. "சரியாத்தான் போட்டீங்கப்பா. இன்னைக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான்" என்றாய். நானும் சிரித்தேன். சரியாகச் செய்துவிட்டுத் தோற்பது என்று ஒன்று இருக்கிறது, அது வலிக்காது என்று அறுபது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன்.

அருளைப் பற்றி நீ போனில் சொன்ன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அப்பா, ஒருத்தர் இருக்கார். கூட வேலை பார்க்கிறவர். நீங்க பார்க்கணும்" என்றாய். எந்த ஊர், என்ன குடும்பம், எவ்வளவு படிப்பு என்று என் வாயில் எல்லாக் கேள்வியும் வந்து நின்றது. அத்தனையையும் தள்ளி வைத்துவிட்டு, "உனக்குச் சரியா வருதா?" என்று மட்டும் கேட்டேன். "வருதுப்பா" என்றாய். அன்றைக்கு நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அருளை நேரில் பார்த்தபோது, உன்னோடு பேசிக்கொண்டே வந்தவர் பேச்சை முடிக்க மனசில்லாமல் வாசலிலேயே நின்றார். எனக்கு அது போதும்.

இனி நீங்கள் இருவரும் ஒரு வீட்டில் இருக்கப்போகிறீர்கள். தனியாக இருந்தபோது உனக்கு நன்றாக வந்த சில வழக்கங்கள் அங்கே வராமல் போகலாம். கோபம் வந்தால் இரண்டு நாள் பேசாமல் இருப்பது என்னிடமிருந்து உனக்கு வந்தது. புனேயில் தனி அறையில் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, இனிமேல் உண்டு. சின்ன விஷயம் என்று நீ ஒதுக்கி வைத்த ஒன்று அங்கே பெரிய மதிப்புக்கு வரலாம். எனக்கு உன் அம்மா காலையில் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரும் ஐந்து நிமிஷம் அப்படி. முதல் வருஷம் இருவருமே பழைய தாளைத்தான் வைத்திருப்பீர்கள். அருள் தப்பு செய்தால், அவர் எந்த ஆட்டத்துக்குப் பழகியவர் என்று ஒரு தடவை யோசித்துப் பார். எனக்கு உன் அம்மா கொடுத்த அவகாசத்தில் பாதி கொடுத்தால் போதும்.

இன்னும் ஒன்று. இதைத்தான் மைக்கில் சொல்ல முடியாது. முகூர்த்தம் காலை ஏழரைக்கு. உனக்கு அலங்காரம் செய்ய ஐந்து மணிக்கு ஆள் வந்துவிடும் என்று அத்தை சொன்னாள். அதற்குக் கொஞ்சம் முன்னால் நான் வந்து உன் அறைக் கதவைத் தட்டுவேன். அம்மாவைக்கூட வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உன்னிடம் ஒரே ஒரு தடவை கேட்பேன். அருள் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நீ சரி என்றுதான் சொல்வாய் என்றும் தெரியும். ஆனாலும் கேட்பேன். வேண்டாம் என்று நீ சொன்னால் காரணம் கேட்கமாட்டேன். மண்டபம் நிறைய ஜனம் இருந்தாலும், பந்தியில் இலை விழுந்திருந்தாலும், மேளக்காரர் உட்கார்ந்துவிட்டிருந்தாலும், நானே போய் அவர்களிடம் சொல்லிவிட்டு வந்து உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அன்றைக்குக் கேட்காமல் உன்னை மணையில் உட்கார வைக்கப் பார்த்தவன் நான். இந்தத் தடவை, நீ உன் வாயால் சொல்லி, நான் என் காதால் கேட்ட பிறகுதான் உன் கையைப் பிடித்துக் கொடுப்பேன்.

அப்பா